எல்லாம் பார்த்தோம்

சிவப்பு விளக்கு எரிகிறது. எரிந்தால் டேப்பில் இருப்பது வட்டில் பதிகிறது என்று அர்த்தம். டேப் ஒரு மணி நேரம், நகலும் ஒரு மணி நேரம், இதில் விரட்டுவதற்கு வழியில்லை. பாட்டுக் கேசட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி நகலெடுப்பார்களே, அது இதற்குக் கிடையாது. என் தங்கை கயல் அமெரிக்காவில் ஒரு மணி நேரம் என்ன செய்தாளோ அதை நான் மதுரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். இதுவரை நீலம்தான் வருகிறது, வெறும் நீலம், ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நெளிகிறது, அது பூஞ்சையாக இருக்கலாம். வாடகைக்கு டெக் எடுத்த கடையில் அந்த ஆள் கேசட்டின் மூடியைத் தூக்கிக் காட்டினான், சுருளின் விளிம்பில் சுண்ணாம்புத் தூள் மாதிரி படிந்திருந்தது, பீரோவுக்குள் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பதினேழு வருடம் கிடந்தால் வேறு என்ன ஆகும். "ஒரு தடவை ஓடும் சார். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்லை" என்றான். "குடுத்துட்டுப் போங்க, நானே டிஸ்க்ல போட்டுத் தர்றேன், சாயங்காலம் வாங்கிக்கலாம்." வேண்டாம், வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன் என்றேன். சிரித்தான். "ஃபாரின் கேசட்டு. கடையில போட வேணாம், வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டுக்கிறேங்கிறீங்க. நடக்கட்டும் சார், நடக்கட்டும், சொந்த உபயோகம்தானே." என் வழுக்கையையும் கண்ணாடியையும் பார்த்துச் சிரித்தான். செத்துப்போன தங்கச்சி டேப்புப்பா என்றேன். முகம் விழுந்துவிட்டது அவனுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க என்று டெக்கின் வயர்களை அவனே சுற்றிக் கொடுத்தான். அவன் வாயை அடைக்கத் தங்கையின் சாவை எடுத்துப் போட வேண்டியிருந்ததே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் அவனிடமே கொடுத்திருக்கலாம். யாரோ ஒருவன் காதில் விழுந்து, அவனுக்கு அது ஒன்றுமில்லாமல் போய், வட்டு மட்டும் என் கைக்கு வந்திருக்கும். கடைக்காரன் பார்ப்பது பிடிக்கவில்லை என்றா வேண்டாம் என்றேன்? இல்லை. அவன் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பானோ என்றுதான். கதவு தட்டப்படுகிறது, என் மனைவி இந்திராணி. "என்னங்க, கதவை எதுக்குச் சாத்திக்கிட்டீங்க? ஃபேனும் இல்லாம வெந்துபோவீங்க." தூசி வரும், ஓடும்போது ஒரு அசைவும் கூடாது என்கிறேன். "டேப்புதானே ஓடுது, பிரசவமா நடக்குது?" கூடத்திலிருந்து தாரிணி சிரிக்கிறாள். அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்ததா, அத்தையின் குரலுக்குச் சிரித்தாளா, தெரியவில்லை. வாரக் கடைசிகளில் கோயிலில் வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் அவளுடையது. கயலின் மகள். கயல் சாகும்போது இவளுக்கு மூன்று வயது ஆகவில்லை. போன வாரம் வந்து இறங்கினாள், மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அம்மா வாய்ஸ் எனக்கு ஞாபகம் இல்ல மாமா, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?" என்றாள். அவள் அப்பாவிடம் ஒன்றும் இல்லையாம். வீடு மாற்றும்போது போய்விட்டதாம். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என்ன டேப் என்று எனக்கு நினைவு வந்தது. இல்லை, அதுவும் பொய். நினைவோடுதான் சொன்னேன்.

இதோ படம். கலர். நான் இதற்குத் தயாராக இல்லை. அவள் போட்டிருக்கும் ஸ்வெட்டர் நல்ல மஞ்சள், கதவு பச்சை, வெளியே பனி, இவ்வளவு வெள்ளையாகவா. நாங்கள் பார்த்தது சாம்பல். டேப் வந்த அன்றைக்கு அப்பா வாடகைக்கு டெக் கொண்டுவரச் சொல்லி, எதிர்வீட்டு ஆசிரியர் குடும்பம், மாடிப் போர்ஷன்காரர்கள், எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார், அம்மா கொண்டைக்கடலை வேகவைத்திருந்தாள். அமெரிக்க டேப் வேறு முறை, அன்றைய நம் ஊர் டெக்குக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. இப்போது நான் எடுத்து வந்திருப்பது எல்லா முறையும் படிக்கிற டெக். போட்டதும் படம் உருள ஆரம்பித்தது. மேலே தரை, கீழே கூரை, நடுவில் கறுப்புப் பட்டை ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு முகம் தன் காலுக்கு அடியிலிருந்து எழும்பி வந்து உடைந்துபோனது. "அந்தா, மாப்பிள்ளை" என்றார் ஆசிரியர். "அது ஃபிரிட்ஜுங்க" என்றாள் அவர் மனைவி. குரல் இழுத்து இழுத்து, அடித்தொண்டையில், கிணற்றுக்குள் ஆம்பளை முனகுவது மாதிரி வந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அம்மா மட்டும், "பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கு, குளிர் ஊரு" என்றாள். பத்து நிமிஷம் இருக்குமா, டெக் கொண்டுவந்தவன் எழுந்துவிட்டான், இதுக்கு மேல ஓட்டினா ஹெட்டு போயிரும், இது வெளியூர் கேசட்டு என்று. அப்பா அணைத்தார். காபி கொடுத்தோம். போகும்போது எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். உங்க பொண்ணு வீடு எவ்வளவு பெருசு. எந்த வீடு? யார் பார்த்தது? அப்புறம் சில வாரம் கழித்துப் போன் வந்தது, மாடிப் போர்ஷன்காரர் வீட்டுக்கு. அப்பா காதோடு ரிசீவரை அழுத்திக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். வந்துச்சும்மா, கேசட்டு வந்துச்சு. பார்த்தோம். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவள் குரல் எறும்பு மாதிரி ரிசீவரின் ஓரத்தில் ஊர்ந்தது. எல்லாமா? எல்லாம் பார்த்தோம்மா. கடைசி வரைக்குமா? கடைசி வரைக்கும் பார்த்தோம். அண்ணனுமா? அவனும்தான், இந்தா பக்கத்துலதான் நிக்கிறான் என்று என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், தலையாட்டினால் போனில் கேட்காது என்று தெரிந்தே ஆட்டினேன். படம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு செலவழித்து அனுப்பிய மாப்பிள்ளை என்ன நினைப்பார்? அப்பா செய்தது மரியாதை. வீட்டுக்கு வந்த பலகாரம் கெட்டுப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது என்றுதானே சொல்வோம். ஆனால் கடைசி வரைக்குமா என்று யார் கேட்பார்கள்? ஃபிரிட்ஜையும் சோபாவையும் காட்டுகிற டேப்புக்குக் கடைசி என்று ஒன்று எதற்கு? அந்த ஒரு கேள்வி இத்தனை வருடமும் என் காதுக்குள் எங்கோ இருந்திருக்கிறது, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு தன்னால் அங்கே போகும், எடுக்க வராது. இதில் அவள் எதையாவது கேட்டிருந்தால்? கேட்டு, நாங்கள் எல்லாம் பார்த்தோம் என்று சொல்லியிருந்தால்?

ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். மாப்பிள்ளை கதிரேசனின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து வருகிறது, அவர் முகம் இதுவரை வரவில்லை. "திற. முழுசாத் திற. பால் கேனைக் காட்டு. இந்தப் பக்கம் திரும்பு. சிரி." அவள் சிரிக்கிறாள். இது என்ன குரல்? அதட்டலா? படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், நானே ஆபீஸ் சுற்றுலாவில் இந்திராணியை இப்படி விரட்டியிருக்கிறேன், சிரி என்றால் என்ன தப்பு. பாத்திரம் கழுவுகிற மெஷின். துணி துவைக்கிற மெஷின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, படி இறங்குகிறார்கள், அவள் முதுகு மட்டும் தெரிகிறது. "ஏன் பேச மாட்டேங்கிற? உங்கப்பாட்ட சொல்லு, மெஷின் எப்படி இருக்குன்னு." "நல்லா இருக்குப்பா." எவ்வளவு சாதாரணமான குரல். சளி இல்லை, முனகல் இல்லை, பள்ளிக்கூட மேடையில் ஒப்பிக்கிற அதே மெல்லிய குரல்தான். இதை அம்மா கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் இருக்கிறவளைக் கூப்பிட வேண்டும், அவள் கேட்டது இந்தக் குரலைத்தானே, இதோ இருக்கிறது, எழுந்து நாலடி போனால் கதவு. எழவில்லை. முதலில் நான் பார்த்துவிடுகிறேன். உயரமான நாற்காலியில் ஒரு குழந்தை, ஸ்பூனைத் தரையில் எறிகிறது, கயல் எடுத்துக் கொடுக்கிறாள், மறுபடி எறிகிறது, மறுபடி எடுக்கிறாள், "பாருங்கப்பா, உங்க பேத்தி செய்யிற வேலைய." இந்த இடத்தில் அவள் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. சொல்லிக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அப்படியென்றால் முந்தையது? நான் ஏன் ஒவ்வொரு சிரிப்பாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? பழக்கம். இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துச் சாவுகளின் கோப்புகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. வண்டி எங்கிருந்து எங்கே போனது, எதற்குப் போனது, கூட யார் இருந்தார்கள், இது எழுதாத கோப்பை நான் மேலே அனுப்பியதே இல்லை, திருப்பி அனுப்பிவிடுவேன், அதற்காகவே என்மேல் பலருக்குக் கோபம். கயலின் வண்டி ரோட்டில் ஐஸ் இருந்ததால் சறுக்கிவிட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அந்தப் போன் வந்தபோது, கேசட் பார்த்தோம் என்று சொன்ன அந்த முதல் போனுக்கு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. விபத்து நடந்தது விடியற்காலையில். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். கடை திறக்காத நேரத்தில் எங்கே போனாள்? கேட்கவில்லை. லைசென்ஸ் வாங்கியே சில வாரம்தான், அந்தப் பனியில் யார் வண்டி எடுக்கச் சொன்னது? கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை, நான் கேட்பேன் என்று அப்பா இருந்திருக்கலாம். வேறு யாருடைய கோப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். விசிறி சத்தம் இல்லாத அறையில் டெக்கின் உறுமல் மட்டும் கேட்கிறது, பனியன் முதுகோடு ஒட்டிவிட்டது. கரண்ட் போய்விட்டால் டேப் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், வட்டும் பாதியில் கெட்டுப்போகும். இப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகிறது. போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போகட்டும். யாரையும் குறை சொல்ல முடியாது, மின்வாரியத்தைத் திட்டிவிட்டுச் சோறு தின்னலாம், தாரிணியிடம் அம்மா குரல் வந்தவரைக்கும் இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். விளக்கு அசையாமல் எரிகிறது.

படத்தில் எங்கோ போன் அடிக்கிறது. நம் வீட்டுப் போன் என்று எழுந்தேவிட்டேன். மாப்பிள்ளை கேமராவைத் தாங்கியில் நிறுத்துகிறார், காட்சி ஒருமுறை ஆடி நிற்கிறது, "இரு, ஆஃப் பண்ணாத, ஆபீஸ்லேர்ந்தா இருக்கும்." காலடிகள் இறங்கிப் போகின்றன. கயல் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தலையைச் சாய்த்து அந்தக் காலடிகளைக் கேட்கிறாள். கீழே கதவு சாத்துகிற சத்தம். உடனே வருகிறாள், மிக வேகமாக, முகம் திரை முழுவதும் ஆகிவிடுகிறது, உதடு வெடித்திருக்கிறது, குளிர் ஊர், குளிரில் உதடு வெடிக்கும்தான். "அப்பா, அவர் கீழ போயிருக்காரு. இத அவர் போட்டுப் பாக்க மாட்டாரு, இன்னிக்கே ஊருக்குப் போறவங்ககிட்டக் குடுத்து விடுறாரு. போன்ல நான் ஒண்ணும் பேச முடியாது, இன்னொரு போனை எடுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. லெட்டரும் படிச்சுட்டுத்தான் ஒட்டுவாரு. என்னால இங்க இருக்க முடியலப்பா. ஏன்னு இப்பக் கேக்காதீங்க, வந்து சொல்றேன். அடுத்த தடவை போன்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க. அது போதும். அனுப்பிருவாரு. அவங்கம்மாவுக்கு முடியலைன்னதும் அவரும் ஓடினாரு. பொய் சொல்றமேன்னு யோசிக்காதீங்கப்பா, ஒரே ஒரு தடவை. அண்ணே, அப்பா மறந்துட்டாருன்னா நீ சொல்லு. அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, சும்மா வாயால சொல்றதுதான்." பின்னால் நகர்கிறாள். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். என் கையில் ரிமோட் இருக்கிறது, கட்டைவிரல் நிறுத்துகிற பொத்தானின் மேல் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரியவில்லை, அழுத்தவும் இல்லை எடுக்கவும் இல்லை. அழுத்தியிருந்தால் வட்டில் ஃபிரிட்ஜும் ஸ்பூனும் மட்டும் இருந்திருக்கும். டேப் மறுபடி ஓடாது. இந்தச் சொற்கள் உலகத்தில் எங்கும் இருந்திருக்காது, என்னிடம் தவிர. அழுத்தவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, விரல் வரவில்லை. அந்த முதல் போன். அந்தப் போனில் அவள் கடைசி வரைக்குமா என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது வருகிறது, ஒவ்வொரு சொல்லாக, யாரோ என் மண்டைக்குள் ஒட்டிக் கிடந்ததைப் பிரிக்கிற மாதிரி. அம்மா எப்படி இருக்கா என்றாள். அப்பா, அம்மாவுக்கென்ன, ஜம்முன்னு இருக்கா என்றார். காசு ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று அப்பா ரிசீவரைத் தட்டினார். உடம்புக்கு ஒண்ணும் இல்லையேப்பா? ஒண்ணுமில்லம்மா. கோயிலுக்குப் போயிருக்கா, இருந்தா பேசியிருப்பா. சரிப்பா என்றாள். வைத்துவிட்டாள். அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அம்மா கீழே பின்னறையில் படுத்திருந்தாள், கண் முழுக்க மஞ்சள், நகமெல்லாம் மஞ்சள், காமாலை, டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார், இந்திராணி அம்மியில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள். போனுக்கு மாடி ஏறும்போதே அப்பா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், கயல்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாது, கண்காணாத ஊர்ல கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளியூரில் இருக்கிறவர்களிடம் யார் எதைச் சொல்கிறார்கள். அவள் அங்கே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், மாப்பிள்ளை இன்னொரு அறையில் இன்னொரு ரிசீவரில், இவள் தன் வாயாலேயே எடுத்துக் கொடுக்கிறாள், ஒரு தடவை, இரண்டு தடவை, நாங்கள் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, அம்மா நன்றாக இருக்கிறாள் என்கிறோம். பொய் சொல்லச் சொல்லித்தான் கேட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தாலே போதும். காலடிகள் படி ஏறி வருகின்றன, "என்ன, கேமராட்ட என்ன பேசிக்கிட்டிருந்த?" "ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்."

கதவு திறந்திருக்கிறது. எப்போது திறந்தாள் என்று தெரியவில்லை. தாரிணி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் இந்திராணி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நான் திரையை மறைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன், இனி மறைத்து என்ன, மறைக்க வேண்டியது போய்விட்டது, இப்போது அங்கே சோபா உறையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவளுக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? கயல் வேகமாகப் பேசினாள், நமக்கே வேகம். நாலு எளிய வாக்கியம் தெரியும் இவளுக்கு, சாப்பிட்டேன், தூக்கம் வருது, வெயில் ஜாஸ்தி. அதோடு, அங்கே இவளுக்கு இருப்பது அந்த ஒரு அப்பாதான், படிப்புக்குக் கட்டுகிறவர், ஏர்போர்ட்டில் வந்து கூட்டிப்போகப் போகிறவர், அவரிடம்தான் இவள் திரும்பப் போக வேண்டும். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறாள் என்று சொல்லிவிடலாம். வட்டு இவள் பெட்டியில் போகும், என்றைக்காவது தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், அன்றைக்குச் சொல்வார், அதுவரைக்கும். அதுவரைக்கும் என்ன?

"அம்மா ரொம்ப ஃபாஸ்ட்டா பேசறாங்க" என்றாள் தாரிணி. "ஆனா புரிஞ்சுது."

அழவில்லை. திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், நான் கோப்பு கொண்டுவருகிறவர்களைப் பார்ப்பது போல.

"அம்மா இங்க வரவே இல்ல. அப்போ பாட்டி நிஜமா நல்லா இருந்தாங்களா மாமா?"

ஆமாம் என்றால் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஆகிவிடுவார். நேர்மையான தாத்தா, அவ்வளவுதான், கெட்டவர் இல்லை, பேத்தி அதை வைத்துக்கொண்டு எப்படியாவது காலம் தள்ளலாம். ஆமாம் என்பது வாய்க்குள் வந்தேவிட்டது, உருண்டையாக, பழகியதாக, இந்த வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன சொல், சொன்னால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

"இல்லம்மா. காமாலை. எழுந்திருக்கவே முடியாம கிடந்தாங்க."

"அத அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"கயல் கவலைப்படுவாளேன்னு" என்றேன்.